சிவப்புப் பட்டனும் முப்பத்தெட்டுச் சான்றிதழும்

அத்தியாயம் 5

"கையெழுத்துப் போட மாட்டேன்."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பெண் அதைச் சொல்லிவிட்டாள்.

"இங்கன யாரும் போடச் சொல்லலையே. முதல்ல உக்காருங்க" என்றான் பென்னி. "பத்திர ஆபீஸ் அடுத்த தெரு. இது துப்பறியுற இடம்."

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில் இயங்கியது உமாராணியின் துப்பறியும் நிலையம். போலீஸில் இருபத்திரண்டு வருடம், அதில் கடைசி ஏழு வருடம் சைபர் பிரிவு. ஏன் விருப்ப ஓய்வு வாங்கினாய் என்று யாராவது கேட்டால், "விருப்பம் அவங்களோடது, ஓய்வு என்னோடது" என்பாள். பென்னி அவளுடைய உதவியாளன். முப்பத்தைந்து வயது. எந்தக் கம்ப்யூட்டரையும் பிரித்து மூடுவான். வாயை மட்டும் மூடத் தெரியாது.

வந்தவள் பெயர் முப்பிடாதி. வடகரையில் தேங்காய்க் கதம்பையைப் போட்டு நார் உரிக்கும் 'வெள்ளைமடல் ஃபைபர்ஸ்' ஆலையில் ஷிப்டு சூப்பர்வைசர்.

"என்ன நடந்துச்சு?" உமாராணி கேட்டாள்.

"போன மூணாம் தேதி ஜெயபிரியாவோட கை மெஷினுக்குள்ள போயிட்டு. இருபத்தி நாலு வயசுப் பிள்ளை. நான் ஓடிப்போய் சிவப்பு பட்டனை அமுக்குனேன். ஒருதடவை இல்ல, மூணு தடவை. நிக்கல." முப்பிடாதி இரண்டு விரலை மடக்கிக் காட்டினாள். "ரெண்டு விரல் போயிட்டு. மறுநாள் விடியுமுன்ன புதுப் பட்டனை மாட்டிட்டாவ. இப்ப அமுக்குனா டக்குனு நிக்கி. நீ அமுக்கவே இல்ல, அசந்து நின்னுட்டேங்கான் மேனேஜர்."

மேஜைமேல் ஒரு கோப்பை வைத்தாள். மேலே மெமோ. இன்று மாலை நாலு மணிக்கு ஆலையில் விசாரணை. தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். அதற்குள் 'என் கவனக்குறைவே காரணம்' என்ற கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் போலீஸில் புகார்.

"சாட்சி யாரும் இல்லையா?"

"மெஷின் சத்தத்துல யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அவன்ட்ட சாட்சி இருக்கு. அடுத்த தாளைப் பாருங்க."

அடுத்த தாள் ஒரு சான்றிதழ். ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சி. ஜூன் ஒன்பதாம் தேதி. முப்பிடாதி, இருபதுக்கு இருபது.

"பதினாலாவது கேள்வி, ஆபத்துல எதை அமுக்கணும்னு. நான் சிவப்பு பட்டன்னு டிக் அடிச்சிருக்கேனாம். தெரிஞ்சும் சும்மா நின்னேனாம். யம்மா, அப்படி ஒரு பரீட்சை நடந்ததே இந்தத் தாளைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். பத்தாங்கிளாஸ்ல கணக்குல நான் முப்பத்தஞ்சு. இருபதுக்கு இருபது வாங்கியிருந்தா தெருவுக்கே பாயசம் வச்சிருக்க மாட்டனா?"

பென்னி சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்ற தாள்களைப் புரட்டினான். பாடமும் கேள்விகளும் சேர்ந்த அச்சுப் பிரதி ஒன்று. மதிப்பெண் பட்டியல் ஒன்று, முப்பத்தெட்டுத் தொழிலாளர்களுக்கும்.

"முப்பத்தஞ்சு பேர் இருபதுக்கு இருபது. கலெக்டர் தேர்வுக்கு இந்த மில்லுல இருந்தே ஆள் எடுக்கலாம்" என்றவன் பாடத்தின் ஒன்பதாம் பக்கத்தில் நின்றான். சத்தமாக வாசித்தான். "தீ விபத்தின்போது விருந்தினர்களைப் பதற்றமின்றி நீச்சல் குளத்தின் அருகே அழைத்துச் செல்லவும். ஏங்க்கா, உங்க மில்லுல நீச்சல் குளம் இருக்கா?"

"கதம்பை ஊறப்போடுற தொட்டி இருக்கு. பக்கத்துல போனா மூக்கைப் பொத்தணும்."

"விருந்தாளி?"

"மழை நேரத்துல பாம்பு வரும்."

உமாராணி எழுந்து கைப்பையை மாட்டினாள். "இது எவன் வீட்டுப் பாடமோ. உங்க வீட்டுக்கு இரவல் வந்திருக்கு. நீங்க மில்லுக்குப் போங்க. நாலு மணிக்கு நாங்க அங்க இருப்போம். அதுவரைக்கும்…"

"அதுவரைக்கும் மட்டுமா? சாகுறவரைக்கும் போட மாட்டேன்" என்றாள் முப்பிடாதி.

---

சான்றிதழின் அடியில் சின்ன எழுத்தில் 'ஏணிப்படி டெக், தென்காசி' என்று இருந்தது. யானைப்பாலம் பக்கம் ஒரு ஏ.சி. அறை. அதை நடத்துபவன் காஜா. நாற்பதைத் தொடும் வயது. வந்தவர்களுக்கு முதலில் டீ சொன்னான், பிறகு "முடியாது" சொன்னான்.

"இது நான் எழுதுன சாப்ட்வேர் இல்லக்கா. ஓப்பன் சோர்ஸ். உலகத்துல யார் யாரோ சேந்து எழுதி, அதோட கோடிங்கை எல்லாருக்கும் திறந்து வச்சிருக்காங்க. நான் எடுத்து ஓட்டுதேன். கம்பெனிக்காரங்க அவங்க ஆளுகளுக்கு இதுல பயிற்சி கொடுக்காங்க. ஒரே சர்வர், பதினோரு கம்பெனி. மல்டி டெனன்ட்டும்பாங்க. நம்ம ஊர் வளவு மாதிரினு வச்சுக்கோங்க. வாசல் ஒண்ணு, உள்ள பதினோரு வீடு. ஒவ்வொண்ணுக்கும் தனிப்பூட்டு. இந்த வீட்டுக்காரன் அந்த வீட்டு அடுக்களையை எட்டிப் பாக்க முடியாது."

"வளவுக்காரன் எட்டிப் பாக்கலாம்லா?" என்றான் பென்னி.

"பாக்கலாம். பாக்க மாட்டேன். ஒருத்தன் ரெக்கார்டை இன்னொருத்தர்ட்ட காட்டுனா, நாளைக்கே பதினோரு பேரும் சட்டிபானையைத் தூக்கிட்டுப் போயிருவான். கோர்ட்டு ஆர்டர் கொண்டாங்க, காட்டுதேன்."

"சரியாச் சொன்னே" என்றாள் உமாராணி. காஜாவுக்கே ஆச்சரியம். "ரெக்கார்டு வேண்டாம். வெறும் சாப்ட்வேரைப் பாக்கலாமா?"

"அது எனக்கு மட்டும் சொந்தமாக்கா? உங்களுக்கும்தான். இறக்கிக்கோங்க."

பென்னி லேப்டாப்பை மடியில் திறந்தான். இரண்டு டீ முடிவதற்குள் நிமிர்ந்தான். "அதே வளவை மடியில கட்டியாச்சு. ஒரே ஒரு வீடு. குடியிருக்கவன் நான். வாடகை கிடையாது."

"இந்த அச்சுத் தாள்ல இருக்க பாடத்தையே ஏத்து. தொழிலாளியா உள்ள போய் பரீட்சை எழுது."

எழுதினான். இருபதுக்குப் பதிமூன்று. "கேள்வி கஷ்டம்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிவிட்டுச் சான்றிதழ் பொத்தானைத் தட்டினான். திறக்கவில்லை. மீண்டும் தட்டினான்.

"அக்கா, இங்கன பாருங்க. 'இப்பயிற்சி குறித்தும் உங்கள் பணியிடம் குறித்தும் கருத்தை எழுதவும். உங்கள் பெயர் வெளியிடப்படாது.' இதை எழுதாம சான்றிதழ் வராதாம். சட்டையைக் கழட்டாம சாமி கும்பிட விடாத கோயில் மாதிரி."

உமாராணி மில்லின் தாள்களை எடுத்தாள். பட்டியலின் கடைசி வரியில் விரல் வைத்தாள். பங்கேற்றோர் 38. சான்றிதழ் 38. பெறப்பட்ட கருத்துகள் 0.

"முப்பத்தெட்டுப் பேரும் இந்த வாசல் வழியாத்தான் போயிருக்காவ. வாசல்ல ஒரு காலடியும் இல்ல. ஏன் பென்னி?"

"யாரோ பெருக்கிட்டாவ."

காஜா தொண்டையைச் செருமினான். "பொதுவாச் சொல்லுதேன். ஒரு கம்பெனியோட அட்மின் அவங்க வீட்டைப் பெருக்கலாம். அந்த உரிமை உண்டு. பெருக்குனா பெருக்குனதுதான். திரும்பி வராது."

"பெருக்குறதுக்கு முன்ன? ஒருத்தன் கருத்து எழுதுனதும் யாருக்காவது மெயில் போகுமா?"

பென்னி கோடிங்குக்குள் இறங்கினான். திறந்த வீடு, கேட்க ஆளில்லை. ஐந்து நிமிடம். "போகுது. பாடத்துல ஒரு மெயில் முகவரி குறிச்சிருந்தா, எழுதுன அந்த நிமிசமே அதுக்கு ஒரு காப்பி போகுது. அப்புறம் வீட்டைப் பெருக்குனாலும் போன மெயில் போனதுதான்."

"ஒரு வீட்டுப் பாடத்தை அடுத்த வீட்டுக்குக் காப்பி பண்ணினா?"

பென்னி செய்து பார்த்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்தான். "முகவரியும் சேந்தே போகுது. பரீட்சையில பக்கத்துப் பையனைப் பாத்து எழுதி, மேல அவன் நம்பரையும் சேத்து எழுதி வச்ச கதை."

காஜா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். முகம் வெளிறிவிட்டது.

"என்னப்பா?" உமாராணி மெல்லக் கேட்டாள்.

"வெளிநாட்டுக்காரன் மில்லைப் பாக்க வாரான், ஒரு ராத்திரிக்குள்ள பாதுகாப்புப் பாடம் வேணும், எதையாவது தூக்கிப் போட்டு எங்க பேரை மாத்துனு ஒருத்தர் நெருக்குனாருக்கா. நானும் பேரை மட்டும் மாத்துனேன். மெயில் முகவரியை… பாக்கவே இல்ல." அவன் வாயைப் பொத்திக்கொண்டான். "நான் எதையும் சொல்லல."

"நீ எங்க சொன்னே? அந்தச் சுவருல்லா சொல்லுது."

சுவரில் காஜாவின் பதினோரு வாடிக்கையாளர்களின் பெயர்ப் பலகைகள். ஆஸ்பத்திரி, அரிசி ஆலை, மரக்கடை. நீச்சல் குளம் இருக்கக்கூடியது ஒன்றே ஒன்று.

சாரல்கூடு ரிசார்ட், குற்றாலம்.

---

சீசன் உச்சத்தில் இருந்தது. மெயினருவியில் தண்ணீர் கூடிவிட்டதால் குளிக்கத் தடை. குளிக்க வந்த கூட்டம் முழுக்கத் தலையில் எண்ணெயோடு ரோட்டில் நின்றது. கார் மங்குஸ்தான் கடைகளுக்கு நடுவே ஊர்ந்தது.

"மணி ஒண்ணே கால்" என்றான் பென்னி. "இந்த வேகத்துல போனா அடுத்த சீசனுக்கு ரூம் போட்டுருவோம்."

சாரல்கூடு ரிசார்ட்டின் மேனேஜர் குற்றாலீஸ்வரன். ஆள் பருமன், குரல் அதைவிடப் பருமன். வரவேற்பில் நின்று ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் கேக்கணும்" என்றாள் உமாராணி. "ஜூன் மாசம், சிவப்பு பட்டனைப் பத்தி…"

"நீங்களுமா?" ஹாலே திரும்பிப் பார்த்தது. "ஏங்க, நான் என்ன பாவம் செஞ்சேன்? ஒம்பதாம் தேதி காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் முப்பத்தெட்டு மெயிலு! அத்தனையிலும் ஒரே சேதி. 'சிவப்பு பட்டன் அமுக்குனா மெஷின் நிக்கல. யாருக்காவது அடிபடுறதுக்கு முன்ன மாத்துங்க.' பேரும் கிடையாது. என் ஆளுகதான் எழுதுதாவனு நினைச்சேன். லாண்டரி மெஷின்ல பட்டனை மாத்துனேன். மறுநாள் ஜெனரேட்டர்ல மாத்துனேன். லிப்ட்லயும் மாத்துனேன். ஒரு பய வந்து 'மாத்துனதுக்கு நன்றி'னு சொல்லலையே! கூப்பிட்டுக் கேட்டா நாங்க எழுதவே இல்லங்கானுவ."

"தென்காசி மாவட்டத்துலயே பாதுகாப்பான லாண்டரி உங்களோடதுதான் அண்ணாச்சி" என்றான் பென்னி.

"கேலியா? எங்க வேணா அமுக்கிப் பாரு. மாவு மில்லு கணக்கா ஓடுற மெஷின் மூச்சைப் பிடிச்சு நிக்கும்."

உமாராணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வடகரையில் போன இரண்டு விரல்களைப் பற்றிச் சொன்னாள். அந்த முப்பத்தெட்டு மெயிலும் வந்திருக்க வேண்டிய இடத்தைப் பற்றிச் சொன்னாள்.

குற்றாலீஸ்வரன் கையிலிருந்த சாவிகளைக் கீழே வைத்தார். உள்ளே போய், எல்லா மெயிலையும் அச்செடுத்து வந்து நீட்டினார்.

"கடைசித் தாளைப் பாருங்க. அதுதான் எனக்குச் செமிக்கல. மூணு பட்டன் மாத்துனவன் நான். எந்தப் பட்டன்னு சொல்லித் தொலைங்கனு ஒரு பதில் போட்டேன். அதுக்கு ஒருத்தன் எழுதுனது அது."

உமாராணி கடைசித் தாளை வாசித்தாள். நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"என்னக்கா அது?" பென்னி எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு வரி. வண்டியை எடு."

காரில் ஏறியதும் மில்லின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். மேலிருந்து நான்கு பெயர்கள் வரைதான் பார்த்தாள். பட்டியலை மூடினாள்.

"வடகரைக்கு அப்புறம் போவோம். முதல்ல தென்காசிக்கு. ஜெயபிரியா இருக்க ஆஸ்பத்திரிக்கு."

"மணி ரெண்டரை ஆச்சு!"

"அதனாலதான் சீக்கிரம் ஓட்டுங்கேன்."

ஆஸ்பத்திரி மாடியில் அவள் இருந்தது பதினைந்து நிமிடம். இறங்கி வந்தபோது முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"அந்தப் பிள்ளைட்ட என்ன கேட்டீங்க?"

"ஒரு கேள்வி."

"என்ன சொன்னா?"

"அழுதா. பதில் இன்னும் சொல்லல. சொன்னா முப்பிடாதி தப்பிப்பா, ஆனா இவ மாட்டுவா. அதையும் அவட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ஏன்க்கா அதைச் சொன்னீங்க?"

"ஏற்கெனவே ஒருத்தன் அவளை ஏமாத்தியிருக்கான். நானும் ஏமாத்தணுமா?"

---

நாலு மணி. வெள்ளைமடல் ஃபைபர்ஸ் ஆபீஸ் அறை. சுவருக்கு அப்பால் மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. நாற்காலியில் தொழிற்சாலை ஆய்வாளர் அப்துல் மஜீது, மூக்குக் கண்ணாடிக்கு மேல் பார்க்கும் பழக்கமுள்ள மனிதர். எதிரே மேனேஜர் மணிகண்டபிரபு, மடிப்புக் கலையாத சட்டை. முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் அந்தக் கடிதமும் ஒரு பேனாவும்.

"இவங்க யாரு?" மணிகண்டபிரபு உமாராணியைக் காட்டினார்.

"என் தரப்புல பேச வந்திருக்காவ" என்றாள் முப்பிடாதி. "உங்க தரப்புல ஒரு கம்ப்யூட்டரே பேசுதுல்லா?"

ஆய்வாளர் தலையசைத்தார். "பேசட்டும்."

"சார், சிம்பிள்" என்றார் மணிகண்டபிரபு. "எங்க ஆளுங்க எல்லாருக்கும் முறையா ட்ரெய்னிங் கொடுத்திருக்கோம். ரெக்கார்டு பக்கா. இவங்க நல்லாத் தெரிஞ்சே கோட்டை விட்டுட்டாங்க."

"ரெக்கார்டு உண்மைங்கீங்க?" உமாராணி கேட்டாள்.

"நூத்துக்கு நூறு."

"எழுதிக்கோங்க சார்" என்று ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு, அவள் பென்னியைப் பார்த்தாள். பென்னி லேப்டாப்பை ஆய்வாளர் பக்கம் திருப்பினான். அதே பாடம், அதே பரீட்சை. கருத்தை எழுதாமல் சான்றிதழ் வராது என்பதை ஆய்வாளரே இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஏதோ சாப்ட்வேர் கோளாறு" என்றார் மணிகண்டபிரபு.

"கோடிங் திறந்தே கிடக்கு சார். எந்த வரியில கோளாறுன்னு காட்டுங்க, நான் திருத்தி எழுதி உலகத்துக்கே அனுப்பி வைக்கேன்" என்றான் பென்னி.

உமாராணி முப்பத்தெட்டு மெயில்களையும் மேஜைமேல் பரப்பினாள். குற்றாலத்துக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். ஆய்வாளர் ஒவ்வொரு தாளாக எடுத்து வாசித்தார். எல்லாவற்றிலும் அதே வரி. நேரம் மட்டும் வேறு.

மணிகண்டபிரபு நிதானமாகச் சிரித்தார். "பேரில்லாத மெயில். யார் எழுதினா? எங்க தொழிலாளிதான்னு என்ன அத்தாட்சி? இந்தம்மாவே ட்ரெய்னிங் எடுக்கலன்னு சொல்றாங்க. அப்ப இவங்க எழுதல. வேற எவனோ விளையாடியிருக்கான்."

கெட்டிக்காரத்தனமான அடிதான். பென்னி முதன்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"யார் எழுதுனாங்கனு உங்க பட்டியல்லயே இருக்கு" என்றாள் உமாராணி. "நேர வரிசையில வாசிக்கேன். காலை ஒம்பது நாப்பது, ஜெயபிரியா, இருபதுக்குப் பதினொண்ணு. அடுத்த ஆள் பதினஞ்சு. அடுத்தது பதினெட்டு. நாலாவதுல இருந்து கடைசிவரைக்கும் இருபதுக்கு இருபது. ஆறு ஆறு நிமிச இடைவெளி. முப்பத்தெட்டுப் பேர் எழுதுன பரீட்சை இல்ல இது. ஒரே ஆள் முப்பத்தெட்டுத் தடவை எழுதுனது. ஒருத்தர் மொத்தமா உக்காந்து எழுதணும்னா, முதல்ல யாரோட பேர்ல எழுதுவாங்க? தன் பேர்ல. அதுல பதினொண்ணு. அடுத்த ரெண்டு பேர் தலையில பழகுனா. அப்புறம் மனப்பாடம்."

"கதை நல்லா இருக்கு. ஆனா ஜெயபிரியா இங்க இல்லையே. அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

வெளியே ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. உமாராணி வாசலைப் பார்க்கவில்லை.

"இருக்கேன் சார்."

இடது கையில் மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஜெயபிரியா நின்றாள். முப்பிடாதி பாய்ந்து தாங்கப் போனாள். "ஏட்டி, எதுக்கு எந்திரிச்சு வந்தே?"

"விடுக்கா. நிப்பேன்." ஜெயபிரியா ஆய்வாளரைப் பார்த்தாள். "முப்பத்தெட்டும் நான்தான் எழுதுனேன் சார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு மேனேஜர் சார் இந்த ரூம்லதான் உக்கார வச்சாவ. எல்லார் பேர்லயும் மத்தியானத்துக்குள்ள முடிச்சிரணும்னு சொன்னாவ. மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. ஆனா ஒவ்வொண்ணுலயும் கருத்து எழுதுனு கேட்டுச்சு. அந்த மூணாம் நம்பர் மெஷின்ல நிக்கவ நான். பட்டன் வேலை செய்யாதுனு எனக்குத் தெரியும். ஒருத்தி சொன்னா கேக்க மாட்டாவ, முப்பத்தெட்டுப் பேர் சொன்னா கேப்பாவனு நினைச்சேன்."

மணிகண்டபிரபு எழுந்தார். "சார், கேட்டுக்கிட்டீங்களா? ஆள்மாறாட்டம்! மத்தவங்க பேர்ல போலியா எழுதியிருக்கா. இவமேல கேஸ் போடணும். ஆஸ்பத்திரியில வச்சே சொன்னேன், வாயைத் திறந்தா நீதான் உள்ள போவேன்னு…"

சொல்லிவிட்டு நிறுத்தினார். நிறுத்தியது ஒரு வாக்கியம் தாமதமாக.

"போடுங்க சார்" என்றாள் ஜெயபிரியா. வாசல் நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். "நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கிடுதேன். ஒருத்தர் தப்பையாவது ஒருத்தர் ஒத்துக்கிடட்டும். இந்த அக்கா அமுக்குனா. நான் பாத்தேன். கை உள்ள இருக்கப்பவே பாத்தேன்."

முப்பிடாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், இந்த மெயிலெல்லாம் எவனோ ரிசார்ட்காரனுக்குப் போயிருக்கு" மணிகண்டபிரபு சுருதியை மாற்றினார். "எனக்கு வரவே இல்ல. வந்திருந்தா மாத்தியிருக்க மாட்டேனா? ஒரு பட்டன், என்ன பெரிய விஷயம்? தெரியாம நடந்த விபத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"அதையும் எழுதிக்கோங்க சார்" என்றாள் உமாராணி. "'எனக்குத் தெரியாது.'"

ஆய்வாளர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை விரித்து வைத்தாள்.

"குற்றாலம் அண்ணாச்சி 'எந்தப் பட்டன், நான் மூணை மாத்திட்டேன்'னு ஒரு பதில் போட்டிருக்காரு. அந்தப் பதில், மெயில் எந்த வீட்டுல இருந்து வந்துச்சோ அந்த வீட்டு அட்மினுக்குப் போகும். இங்க அட்மின் யாரு? அட்மின் பதிலுக்கு எழுதுனது இது. ஜூன் பன்னெண்டாம் தேதி. வாசிங்க சார்."

அப்துல் மஜீது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'அவை எங்கள் ஆலை ஊழியர்களின் புகார்கள். தவறுதலாகத் தங்களுக்கு வந்துவிட்டன, பொருட்படுத்த வேண்டாம். மணிகண்டபிரபு, மேனேஜர், வெள்ளைமடல் ஃபைபர்ஸ்.'"

விபத்து நடந்தது ஜூலை மூன்று. இடையில் இருபத்தொரு நாள்.

"மூணு பட்டன் மாத்துனவரைப் பாத்து பொருட்படுத்த வேண்டாங்கீங்க" என்றான் பென்னி. "ஒரு பட்டனும் மாத்தாதவர் நீங்க."

மணிகண்டபிரபு நாற்காலியில் உட்கார்ந்தார். "புதுப் பட்டன் மாட்டியாச்சு சார். இப்ப எல்லாம் சரியாயிருக்கு" என்றார் மெதுவாக.

"எல்லாமா?"

கேட்டது முப்பிடாதி. எல்லாரும் திரும்பினார்கள்.

"மூணாம் நம்பர்ல மாட்டியிருக்காவ சார், அங்கதான் ரத்தம் விழுந்துச்சு. மில்லுல ஆறு மெஷின் இருக்கு. மத்த அஞ்சையும் இப்பவே அமுக்கிப் பாருங்க. இங்கன உக்காந்து பேசுததை விட அது சீக்கிரம் முடிஞ்சிரும்."

"புரொடக்ஷன் நடக்குது சார், இப்ப போய்…" என்று மணிகண்டபிரபு எழுவதற்குள் அப்துல் மஜீது வாசலைத் தாண்டிவிட்டார்.

ஒன்றாம் நம்பர் மெஷின் கதம்பையை மென்று நாரைத் துப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணை விலகச் சொல்லிவிட்டு, ஆய்வாளர் சிவப்புப் பட்டனை அமுக்கினார். மெஷின் ஓடியது. கட்டைவிரலை வைத்து இரண்டாவது முறை அமுக்கினார். ஓடியது. மூன்றாவது முறை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு முப்பிடாதியைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஆறு மெஷினும் நிறுத்தப்பட்டன. இத்தனை வருடத்தில் பகல் வேளையில் அந்தக் கொட்டகையில் ஆள் பேசுவது கேட்டது அன்றுதான்.

"முப்பத்தெட்டுக் குடும்பத்து அடுப்பை அணைச்சுட்டீங்க" என்று மணிகண்டபிரபு தொழிலாளர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். "எல்லாம் இந்த ரெண்டு பொம்பளைங்களால!"

கூட்டத்தில் ஒருத்தி முன்னால் வந்தாள். "என் பேர்லயும் பொய்ச் சான்றிதழ் இருக்காமே. அதை அழிங்க முதல்ல." அடுத்தவள் சொன்னாள், "எனக்கும்." அடுத்தவள் ஜெயபிரியா உட்கார ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

அப்துல் மஜீது 'என் கவனக்குறைவே காரணம்' கடிதத்தைத் தன் கோப்புக்குள் ஆதாரமாகச் செருகிக்கொண்டார். ஒரு புதுத் தாளில் முப்பிடாதி சொல்லச் சொல்ல எழுதினார். பட்டனை அமுக்கியது, நிற்காதது, மறுநாள் விடியுமுன் மாற்றியது, கடிதத்தை வைத்து மிரட்டியது. இரண்டு பக்கம் வந்தது.

"உங்க வாக்குமூலம்மா. கீழ கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார். வாட்சைப் பார்த்தார். "கொஞ்சம் சீக்கிரம். நான் திருநெல்வேலி போகணும்."

முப்பிடாதி பேனாவை வாங்கவில்லை. தாளைத்தான் வாங்கினாள். முதல் வரியில் விரல் வைத்தாள்.

"முழுசா வாசிச்சிட்டுத்தான் சார் போடுவேன். எனக்குக் கொஞ்சம் நேரமாகும். நிப்பீங்கள்லா?"

அப்துல் மஜீது பேனாவை மூடினார். நின்றார்.